ஓய்வுநேரக் கைப்பணி: கொலுக் குளத்துக்குத் தாமரையும் அல்லியும்

புரட்டாசி பிறந்ததும் நம் இல்லங்களில் பரண்மேல் இருக்கும் பெட்டிகள் கீழே இறங்கத் தொடங்கும். பழைய செய்தித்தாளில் சுற்றி வைத்த பொம்மைகள் ஒவ்வொன்றாக வெளிவரும். மரப்பாச்சியும் செட்டியாரும் தசாவதாரமும் ஆண்டுதோறும் அவரவர் படியில் அமர்ந்துவிடுவர். அவர்களைப் பற்றிக் கவலை இல்லை. படிகளுக்குக் கீழே தரையில் அமையும் மலையும் பூங்காவும் குளமுமே ஒவ்வோர் ஆண்டும் புதிதாகச் செய்யவேண்டியவை. அவை வீட்டுச் சிறுவர் சிறுமியரின் ஆட்சிக்கு உட்பட்டவை. சென்ற இதழில் மலை அமைக்கும் முறையைக் கூறியிருந்தேன். இம்மாதம் குளத்துக்கு வருவோம். அதிலும் குளத்தில் வளரும் செடிகளைச் செய்யும் முறையையே சிறப்பாகச் சொல்ல எண்ணுகிறேன்.

பெரும்பாலான கொலுக்களில் குளம் என்றால் என்ன காண்கிறோம்? ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. அதன்மேல் இரண்டு வாத்துகள். அந்த வாத்துகளைவிடப் பெரியதாக, கடையில் வாங்கிய பிளாஸ்டிக் பூ ஒன்று. அப்பூ தாமரையா, அல்லியா, ரோஜாவா என்று அதனைச் செய்தவருக்கும் தெரியாது, வைத்தவருக்கும் தெரியாது. கைத்திறன் குறைவு இதற்குக் காரணம் அன்று. செய்யவேண்டிய பொருளை நின்று பார்க்காமையே காரணம். நெல்லின் நாற்றையும் கோரையையும் வேறுபடுத்தி அறியாதவன் களை எடுக்க முடியாது. அதுபோல, தாமரைக்கும் அல்லிக்கும் உள்ள வேற்றுமையை அறியாதவன் குளம் செய்ய முடியாது.

“ஊரை விட்டு வந்து நகரத்தில் வாழும் நம் குழந்தைகள் தாமரைக் குளத்தை எங்கே கண்டார்கள்?” என்று சிலர் கேட்கலாம். வங்காளத்தில் வாழும் நாம் அவ்வாறு சொல்வதற்கில்லை. இது குளங்களின் நாடு. ஹௌராவிலிருந்து கரக்பூர் செல்லும் வண்டியில் சன்னலோரம் அமர்ந்தால், பாதை மேட்டுக்காக முன்பு மண் வெட்டி எடுத்த பள்ளங்கள் நீண்ட குட்டைகளாக உடன் வருவதைக் காணலாம். அவற்றில் சில இடங்களில் தாமரை பயிரிடப்படுவதும் உண்டு. துர்க்கா பூஜையில் அஷ்டமியும் நவமியும் கூடும் வேளையில் செய்யும் சந்தி பூஜைக்கு 108 தாமரைகள் வேண்டும். அந்நாள்களில் ஹௌரா பாலத்தடியில் உள்ள மல்லிக் காட் பூச்சந்தைக்குச் சென்றால் தாமரை மொட்டுகளைக் கட்டுக் கட்டாகப் பார்க்கலாம். ஆகவே நம் குழந்தைகள் பூக்களைக் காணாதவர்கள் அல்லர். கண்ட பூவுக்குத் தமிழில் பெயர் அறியாதவர்கள், அவ்வளவே.

என்னுடன் பணிபுரியும் நண்பர் ஒருவரின் மகளுக்கு எட்டு வயது. பிறந்தது முதல் இவ்வூரிலேயே வளர்பவள். சென்ற ஆண்டு நவராத்திரியின்போது அவள் என்னிடம், “மாமா, பாட்டி சொல்லும் கதையில் அல்லி அல்லி என்று ஒரு பூ வருகிறதே, அது எப்படி இருக்கும்?” என்று கேட்டாள். நான் அதன் இலையையும் பூவையும் ஒரு தாளில் வரைந்து காட்டினேன். “இது சாப்லா அல்லவா! இதன் தண்டைத்தானே அம்மா நேற்றுப் பொரியல் செய்தாள்!” என்றாள். பாட்டியின் அல்லி அவள் காதில் இருந்தது. சந்தைச் சாப்லா அவள் தட்டில் இருந்தது. இரண்டும் ஒன்றே என்று அவளுக்குச் சொல்லுவார் இல்லை. அன்றிரவே கும்பகோணத்துக்குத் தொலைபேசியில் பேசி, “பாட்டி, நாங்கள் இங்கே அல்லியைச் சாப்பிடுகிறோம்” என்று அறிவித்தாளாம். இத்தகைய குழந்தைகள் நம் ஒவ்வொருவர் வீட்டிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பாடம் நடத்தினால் ஓடிவிடுவார்கள். கையில் கத்திரிக்கோலையும் பசையையும் கொடுத்துக் குளம் செய்யச் சொன்னால், பெயர்கள் தாமே வந்து சேரும்.

இனிச் செய்முறைக்கு வருவோம்.

முதலில், எதனால் செய்வது? தெர்மகோலும் பிளாஸ்டிக்கும் வேண்டா. குளத்துச் செடிகளைச் செய்யக் குளத்துச் செடி ஒன்றே நமக்குப் பயன்படுகிறது. அதுதான் நெட்டி. சதுப்பிலும் குளக்கரையிலும் வளரும் இச்செடி அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. மஞ்சள் நிறப் பூப் பூக்கும். அதன் தண்டை உலர்த்தி மேற்பட்டையைச் சீவினால், உள்ளே பால்போல் வெண்மையான, பஞ்சுபோல் கனமற்ற தக்கை இருக்கும். தஞ்சாவூர்க் கைவினைஞர்கள் இத்தக்கையைக் கொண்டே பெரிய கோயிலின் உருவத்தைச் சிறிதாகச் செய்கிறார்கள். தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே தக்கைதான் வங்காளத்தில் சோலா எனப்படுகிறது. மணமகன் தலையில் அணியும் கூம்பு முடியும், துர்க்கையின் திருவுருவத்துக்குச் சாத்தும் வெண்ணிற அணிகளும் சோலாவால் ஆனவை. அவற்றைத் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருவோர் மாலாகார் எனப்படுவர். வெள்ளைக்காரத் துரைமார்கள் அணிந்த தொப்பிக்குச் சோலாத் தொப்பி என்று பெயர் வந்ததும் இதனாலேயே. சூரியனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லால் வந்தது என்று பலர் எண்ணுவது பிழை.

கொலு வரும் பருவத்திலேயே துர்க்கா பூஜையும் வருவதால், சோலாத் தண்டு இப்பொழுது கொல்கத்தாவில் தேடிப் பெறக்கூடியதே. டில்லியிலும் மும்பையிலும் உள்ள அன்பர்களுக்கு நெட்டி அகப்படாவிட்டால், பழைய திருமண அழைப்பிதழ்களின் அட்டையும் ஓவியம் வரையும் தடித்த தாளும் போதும்.

நெட்டியை அறுக்கும் கத்தி மிகக் கூர்மையாக இருத்தல் வேண்டும். மழுங்கிய கத்தி தக்கையை வெட்டாது, பிய்க்கும். இந்த வேலையைப் பெரியவர்களே செய்து கொடுக்கவேண்டும். தண்டைக் குறுக்கே மெல்லிய வில்லைகளாக அறுத்தால் வட்டமான இலைகள் ஒரே அளவில் கிடைக்கும். தண்டைச் சுழற்றிக்கொண்டே கத்தியால் சீவினால், சுருட்டிய பாய் விரிவதுபோல் மெல்லிய ஏடு வரும். அந்த ஏடு இதழ்களுக்கு ஆகும்.

அடுத்தது அளவு. குளம் குளமாகத் தோன்றுவதும் தோன்றாததும் இதனைப் பொறுத்தே. குளக்கரையில் நிற்கப்போகும் பொம்மையை எடுத்து அளந்து பாருங்கள். அது 8 சென்டிமீட்டர் உயரம் இருப்பதாகக் கொள்வோம். மனிதர் உயரம் 160 சென்டிமீட்டர் என்றால், நம் குளத்தில் யாவும் 20இல் ஒரு பங்காக இருத்தல் வேண்டும். தாமரை இலையின் குறுக்களவு ஏறத்தாழ 60 சென்டிமீட்டர். ஆகவே நமக்கு 3. தாமரைப் பூ 20 சென்டிமீட்டர், நமக்கு 1. அல்லி இலை 25, நமக்கு ஒன்றேகால். சம்பு 2 மீட்டர் உயரம் வளரும். நமக்கு 10 சென்டிமீட்டர். விளையாட்டு இரயில் பாதை அமைப்போர் பெரிதும் கையாளும் அளவு 87இல் ஒரு பங்கு. அந்தக் கணக்கில் தாமரை இலை 7 மில்லிமீட்டராகிவிடும்! அவர்களுக்கு அலுவலகத்தில் தாளைத் துளையிடும் கருவியே போதும். அதிலிருந்து உதிரும் வட்டம் 6 மில்லிமீட்டர். அவ்வட்டங்களை நாமும் வீணாக்க வேண்டா. இளம் அல்லி இலைகளுக்கு அவை பொருத்தமானவை.

மூன்றாவது, நீர். குளத்து நீரை நீல நிறமாகத் தீட்டுவது பெரும்பாலோர் வழக்கம். குளத்தில் நீலம் இருப்பது வானம் அதில் தெரியும்போதுதான். நீரின் நிறமோ பாசியும் மண்ணும் கலந்த கரும்பச்சை. ஓர் அட்டையில் கரும்பச்சையும் பழுப்பும் கலந்து தீட்டி, உலர்ந்தபின் அதன்மேல் பழைய படச் சட்டத்தின் கண்ணாடியை வையுங்கள். மினுமினுப்பும் ஆழமும் ஒருங்கே தோன்றும். முகக் கண்ணாடியைவிட இது சிறந்தது. கண்ணாடியின் விளிம்பைக் களிமண்ணால் மூடிவிடவேண்டும்.

இப்பொழுது செடிகள். தாமரையையும் அல்லியையும் பிரித்து அறிய ஓர் எளிய வழி உண்டு. அல்லி இலையில் விளிம்பிலிருந்து காம்பு வரை ஒரு பிளவு இருக்கும். தாமரை இலையில் பிளவு இராது. காம்பு அடிப்புறத்தின் நடுவே சேர்ந்து, குடைக்குக் கம்பு போல் நிற்கும். அல்லி இலை நீரின்மேல் படிந்து கிடக்கும். தாமரையின் முதல் இலைகள் மிதந்தாலும், பின்வருவன நீரை விட்டு எழுந்து நிற்கும். இந்த மூன்று செய்திகளை அறிந்த குழந்தை எந்தக் குளக்கரையிலும் தடுமாறாது.

தாமரை இலைக்கு 3 சென்டிமீட்டர் வட்டம் வெட்டிச் சற்றே ஈரமாக்கி, உள்ளங்கையில் வைத்து ஒரு கோலிக்குண்டால் நடுவில் அழுத்துங்கள். ஆழமற்ற கிண்ணம் போல் குழியும். நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நரம்புகளை ஊசிமுனையால் கீறவேண்டும். பச்சையோடு சிறிது வெள்ளை கலந்து தீட்டுங்கள். தாமரை இலையின் மேல் மாவு படிந்தாற்போன்ற சாம்பல் நிறம் உண்டு. நெட்டி நீரை விரைந்து உறிஞ்சுமாதலால் தூரிகையில் வண்ணம் குறைவாக இருக்கட்டும். காம்புக்குத் தென்னந்துடைப்பத்தின் ஈர்க்கை 3 முதல் 5 சென்டிமீட்டர் வரை பல உயரங்களில் நறுக்கி, இலையின் நடுவில் ஒட்டுங்கள். எல்லா இலையும் ஒரே வயதாக இருத்தலாகாது. இரண்டு ஓரங்களும் உள்நோக்கிச் சுருண்ட குருத்து ஒன்று, மிதக்கும் இளம் இலை இரண்டு, நிற்கும் முதிர்ந்த இலை நான்கு, விளிம்பு பழுத்துச் சாய்ந்தது ஒன்று என்று அமைத்தால் செடி உயிர்பெறும். நிற்கும் இலை ஒன்றில் தெளிந்த பசையை ஒரு துளி விட்டு உலரவிடுங்கள். தாமரை இலைத் தண்ணீர் என்று நாம் பேச்சில் சொல்வதை அன்றைக்குக் குழந்தை கண்ணால் காணும்.

தாமரைப் பூவுக்கு, நெட்டி ஏட்டிலிருந்து படகு வடிவில் 15 இதழ்கள் வெட்டவேண்டும். நுனியில் இளஞ்சிவப்பும் அடியில் வெண்மையும் இருக்கட்டும். நடுவில் உள்ள பொகுட்டை மறத்தலாகாது. தலைகீழான கூம்பு போன்று, மேற்புறம் தட்டையாக, மஞ்சள் நிறத்தில் அமைந்து விதைகளைத் தாங்கும் உறுப்பு அது. ஒரு நெட்டித் துண்டைச் செதுக்கி, மேலே ஊசியால் சில புள்ளிகள் குத்தினால் பொகுட்டு ஆயிற்று. அதனைச் சுற்றி மஞ்சள் நூலைக் கத்தரித்து ஒட்டி, பிறகு இதழ்களை மூன்று வரிசையாக வையுங்கள். இதழ் உதிர்ந்து பொகுட்டு மட்டும் நிற்கும் காம்பு ஒன்றும் குளத்தில் இருந்தால் அழகு.

அல்லிக்கு ஒன்றேகால் சென்டிமீட்டர் வில்லையில் ஒரு பிளவு வெட்டிக் கண்ணாடியின்மேல் தட்டையாக ஒட்டுங்கள். பூவின் இதழ்கள் தாமரையைவிடக் குறுகி நீண்டவை. வெள்ளையோ செம்மையோ தீட்டலாம். நீல நிறத்தது நெய்தல். கடலும் கடல் சார்ந்த இடத்துக்கும் நம் முன்னோர் தம் நூல்களில் இட்ட பெயர் இச்சிறு பூவின் பெயரே என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

கரைக்குச் சம்பு. ஈர்க்கின் நுனிக்குச் சற்றுக் கீழே ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்குப் பசை தடவி, வடிகட்டியில் எஞ்சிய காப்பித் தூளை நன்கு உலர்த்தி அதில் புரட்டி எடுங்கள். சம்பின் பழுப்புக் கதிர் அப்படியே வந்துவிடும். நீண்ட இலைகளைப் பச்சைத் தாளில் வாள் போல் வெட்டி அடியில் சேர்க்கவேண்டும். இங்கே ஹோக்லா என்று பெயர் சொல்லிப் பாய் முடையும் செடி இதுவே. கோரைக்குப் பூந்துடைப்பத்தின் இழைகளைப் பச்சையில் தோய்த்தெடுத்துக் கொத்தாக நடலாம்.

மிதக்கும் செடிகளில் ஒன்றைப் பற்றி எச்சரிக்கை தேவை. ஊதாப் பூக் கதிரும் உப்பிய காம்பும் உடைய வெங்காயத்தாமரையை நாம் இப்பொழுது எங்கும் காண்கிறோம். இங்குள்ளோர் அதனைக் கச்சுரிப்பானா என்பர். அது தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. நீர்நிலைகளை அடைத்து மக்களுக்குப் பெருந்துன்பம் விளைத்தமையால், அதனை ஒழிப்பதற்கென்றே 1936இல் வங்காள மாகாணத்தில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. ஆகவே அரசரும் யானையும் நிற்கும் பழங்காலக் குளத்தில் அதற்கு இடமில்லை. இக்காலக் கால்வாய் ஒன்றைச் செய்வோர் மட்டும் அதனைச் சேர்க்கலாம்.

செடிகள் ஆயின. அவற்றை நடுவதற்கு முன் குளத்துக்கு ஒரு நேரம் குறிக்கவேண்டும். இரயில்வேக் குமாஸ்தாவுக்குக் காலஅட்டவணைப் பைத்தியம் என்று நகைக்கவேண்டா. பூக்களுக்கும் காலஅட்டவணை உண்டு. தாமரை காலையில் விரியும். பிற்பகலில் குவியத் தொடங்கும். வெள்ளல்லியும் செவ்வல்லியும் இருட்டியபின் விரிந்து மறுநாள் முற்பகலில் குவியும். நீல நெய்தலோ பகலில் மலரும். முழுதும் விரிந்த தாமரையும் முழுதும் விரிந்த அல்லியும் அருகருகே இருக்குமாயின் அக்குளத்தில் பகலும் இல்லை, இரவும் இல்லை. மாலையில் விளக்கேற்றியபின் விருந்தினர் வருவர் என்பதால், அல்லிகளை விரித்துத் தாமரைகளைக் குவித்து வைப்பது பொருத்தம். இரண்டும் வேண்டும் என்போர் விடியற்காலையைத் தேர்ந்துகொள்ளட்டும். அப்பொழுது அல்லி இன்னும் மூடியிராது. தாமரை பாதி திறந்திருக்கும். எந்த வேளை என்பதைக் குழந்தைகளே முடிவு செய்யட்டும். அதைப் பற்றி அவர்கள் போடும் சண்டை நல்ல சண்டை.

நடும்போது சிக்கனம் வேண்டும். நீர்ப்பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இலைகளால் மூடலாகாது. வெறும் நீர் தெரிந்தால்தான் குளம். தாமரை ஒரு மூலையில் கூட்டமாக நிற்கட்டும். அல்லி இலைகள் அங்கிருந்து சற்று விலகிச் சிதறிக் கிடக்கட்டும். படித்துறை உள்ள இடத்தில் செடி வைக்காதீர்கள். அங்கே மக்கள் இறங்கிக் குளிக்கவேண்டும், குடம் அமிழ்த்தவேண்டும். நான்கு புறமும் கற்படி கட்டிய கோயில் திருக்குளமாயின் சம்புக்கும் கோரைக்கும் வேலை இல்லை. அவை ஊர்க்குளத்தின் மண்கரைக்கு உரியவை. எந்தக் குளம் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுதல் நலம்.

ஒரு முக்கியமான செய்தி: உலர்ந்த நெட்டி எளிதில் தீப்பற்றும். குத்துவிளக்கும் அகலும் குளத்துக்கு அருகில் இருத்தலே கூடாது.

மகாளய அமாவாசைக்கு முன் வரும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் இவ்வேலை முடிந்துவிடும். முடிந்தபின், ஒவ்வொரு செடிக்கும் ஒரு சிறு சீட்டு எழுதிக் கரையில் வையுங்கள்: தாமரை, அல்லி, நெய்தல், சம்பு, கோரை. குழந்தையே தன் கையால் தமிழில் எழுதட்டும். கீழே வங்காளிப் பெயரையும் எழுதட்டும். சுண்டல் வாங்க வரும் அண்டை வீட்டார், “இது நம் சாப்லா அல்லவா!” என்று வியந்து நிற்பர். அவர்களிடம் “எங்கள் பாட்டி ஊரில் இதற்கு அல்லி என்று பெயர்” என்று நம் வீட்டுச் சிறுமி விளக்குவாள். தந்தையின் வேலை மாற்றத்தோடு ஊர் ஊராகப் போகும் குழந்தைக்கு நிலமும் வீடும் சொத்தாக அமைவது அரிது. கண்ட பூவின் பெயரைத் தன் மொழியில் சொல்லத் தெரிவதும் ஒரு சொத்தே. அதற்குச் சுமைகூலியும் இல்லை.

விஜயதசமிக்குப் பிறகு நெட்டிச் செடிகளை அகலமான பெட்டியில் பழந்துணி பரப்பி வையுங்கள். ஈரம் படாவிட்டால் அடுத்த ஆண்டுக்கும் உதவும். அடுத்த இதழில், தீபாவளிக்கு வாயிலில் தொங்கவிடத் தாள் விளக்குக்கூண்டு செய்யும் முறையைக் காண்போம்.